ரோமுக்குப் போகாத பெண்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கண் அசந்து எழுந்து கூடத்துக்கு வந்தால், பேத்தி லேப்டாப்பில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் காலத்துப் பிள்ளை கறுப்பு வெள்ளை பார்க்கிறதே என்று எட்டிப் பார்த்தேன். "ரோமன் ஹாலிடே". அரண்மனையை விட்டு ஓடி வந்த இளவரசி ஆட்ரி ஹெப்பர்ன், ரோம் நகரத் தெருக்களில் ஸ்கூட்டர் ஓட்டி அமர்க்களம் பண்ணிக்கொண்டிருக்கிறார்.

"என்ன அழகு தாத்தா இந்தப் பொண்ணு!" என்றாள்.

"அழகுதான். ஆனா இந்த வேஷத்துக்கு டைரக்டர் கேட்டது வேற ஒரு பொண்ணை. அவளை விடலை."

"யாரு விடலை? வீட்டுலயா?"

"வீட்டுல இல்லம்மா. கம்பெனியில."

"கம்பெனி எப்படித் தாத்தா விடாம இருக்க முடியும்?"

அவள் அடுத்த மாதம் முதல் வேலைக்குச் சேரப் போகிறவள். அதனால்தான் அந்தக் கேள்வி உடனே வந்தது. பதில் சொல்ல ஆரம்பித்தேன், காபி ஆறிப் போயிற்று. அன்றைக்கு அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணின் பெயர் ஜீன் சிம்மன்ஸ். இந்தப் பெயரை இணையத்தில் தேடினால் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு முழ நீளத்துக்கு நாக்கை நீட்டும் அமெரிக்க ராக் பாடகர் வந்து நிற்பார். அவர் வேறு. நான் சொல்வது நம் வயதுக்காரர்கள் "தி ரோப்" படத்திலும் "ஸ்பார்டகஸ்" படத்திலும் பார்த்த அந்த இங்கிலாந்துப் பெண்ணை.

நான் அவரை முதலில் பார்த்தது திருச்சியில், எட்டாம் வகுப்புப் படிக்கும்போது. ஈஸ்டருக்கு முந்திய வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை வரிசையாக நடத்தி அழைத்துப்போய் "தி ரோப்" காட்டினார்கள். இயேசுநாதரின் அங்கியைச் சூதாட்டத்தில் வென்ற ரோமானியப் படைத்தலைவனின் கதை. ஆங்கிலம் பாதி புரியவில்லை. திரை அவ்வளவு அகலமாக விரிந்ததே, அதுதான் எங்களுக்கு முதல் அதிசயம். கடைசியில் கதாநாயகன் ரிச்சர்ட் பர்ட்டனுக்கு மரண தண்டனை விதித்ததும், அவனுடைய காதலி டயானாவும் தானாக முன்வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு சாவை நோக்கி நடந்து போவாள். சிரித்த முகத்தோடு போவாள். கால்சட்டை போட்ட பையன்கள் அத்தனை பேரும் மூக்கை உறிஞ்சினோம். டயானாவாக நடித்தவர் ஜீன் சிம்மன்ஸ். அப்போது பெயர்கூடத் தெரியாது.

பிற்பாடு, ஓய்வு பெற்ற பிறகு, பழைய படங்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அந்தச் சிரித்த முகத்துக்குப் பின்னால் ஒரு வழக்கும் ஒரு ஒப்பந்தமும் இருந்தது அப்போதுதான் தெரிய வந்தது.

ஜீன் 1929 ஜனவரி 31 அன்று லண்டனில் பிறந்தவர். நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா சார்லஸ் சிம்மன்ஸ் உடற்பயிற்சி ஆசிரியர். 1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸில் ஜிம்னாஸ்டிக்ஸ் குழுவில் இருந்து வெண்கலப் பதக்கம் வாங்கியவர். சாதாரண நடுத்தரக் குடும்பம். இரண்டாம் உலகப் போர் வந்ததும் லண்டனில் குண்டுவீச்சுக்குப் பயந்து பிள்ளைகளைக் கிராமப்புறங்களுக்கு அனுப்பினார்கள் அல்லவா, அப்படி ஜீனும் சாமர்செட் பகுதியில் ஒரு கிராமத்துக்குப் போனார். லண்டன் திரும்பியதும் எய்டா ஃபாஸ்டர் என்ற அம்மையார் நடத்திய நடனப் பள்ளியில் சேர்த்தார்கள். நடனம் கற்று, பிறகு தானும் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம்.

திட்டம் போட்டபடி எது நடக்கிறது? ஒரு படத்தில் நடிக்கச் சின்னப் பெண் வேண்டும் என்று வந்த இயக்குநர் வால் கெஸ்ட், அந்தப் பள்ளிப் பிள்ளைகளில் ஜீனைத் தேர்ந்தெடுத்தார். "கிவ் அஸ் தி மூன்" என்ற படம்; 1944-ல் வெளிவந்தது. அன்றைய பெரிய நடிகை மார்கரெட் லாக்வுட்டின் வாயாடித் தங்கை வேடம். அப்போது ஜீனுக்குப் பதினான்கு வயது. அடுத்து சின்னச் சின்ன வேடங்கள். விவியன் லீ கிளியோபாத்ராவாக நடித்த படத்தில் யாழ் மீட்டும் பெண்ணாகக்கூட வந்து போயிருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் ராங்க் கம்பெனி. உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். படம் ஆரம்பிக்கும்போது எண்ணெய் பூசிய பயில்வான் ஒருவர் ஆளுயர வெண்கலத் தட்டை ஓங்கி அடிப்பாரே, அந்தக் கம்பெனிதான். முதலாளி ஆர்தர் ராங்க், மாவு மில் குடும்பத்துக்காரர். சினிமாவில் இறங்கி ஸ்டூடியோ, விநியோகம், தியேட்டர் என்று இங்கிலாந்துத் திரையுலகில் பெரும்பகுதியைக் கையில் வைத்திருந்தார். ஜீன் அந்தக் கம்பெனியின் ஒப்பந்த நடிகையானார்.

ஒப்பந்த நடிகை என்றால் என்ன என்று இளைய தலைமுறைக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்குப் புரியும். நம் ஊரிலும் பாய்ஸ் கம்பெனி என்ற நாடகக் கம்பெனிகள் இருந்தன, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் மாதச் சம்பளத்துக்கு நடிகர்கள் இருந்தார்கள். அந்த மாதிரிதான். படம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சம்பளம் வரும். அதற்குப் பதிலாக, எந்தப் படத்தில் நடிப்பது, எந்த வேடம் போடுவது என்பதைக் கம்பெனி முடிவு செய்யும். வேறு கம்பெனிக்காரர் கேட்டால் வாடகைக்கு அனுப்பும். அவர்கள் கொடுக்கும் பெரிய தொகையில் நடிகைக்கு வழக்கமான சம்பளம் போக மீதி கம்பெனிக்கு. "போகமாட்டேன்" என்று சொல்ல நடிகைக்கு அநேகமாக உரிமை இல்லை.

முதலில் அந்த ஏற்பாடு ஜீனுக்கு நல்லதாகத்தான் இருந்தது. 1946-ல் டேவிட் லீன் இயக்கிய "கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்". நம்மில் பலர் சுருக்கப் பதிப்பாகப் பள்ளியில் படித்த டிக்கன்ஸ் நாவல். கல்யாண நாளில் மாப்பிள்ளை ஏமாற்றிவிட, கடிகாரத்தை எல்லாம் அந்த நேரத்திலேயே நிறுத்திவிட்டு, மணப்பெண் உடையைக் கழற்றாமலேயே கிழவியாகிப் போகும் மிஸ் ஹாவிஷாம். அவள் வளர்க்கும் கர்வம் பிடித்த சிறுமி எஸ்டெல்லா. சின்ன வயது எஸ்டெல்லாவாக ஜீன். ஏழைப் பையன் பிப்பை ஏற இறங்கப் பார்க்கும் அந்த ஒரு பார்வை போதும். படத்தின் பிற்பாதியில் வளர்ந்த எஸ்டெல்லாவாக வேறு நடிகை வருகிறார். நல்ல நடிகைதான், ஆனாலும் நமக்கு அந்தச் சிறுமி எங்கே போனாள் என்றுதான் மனசு தேடுகிறது.

அடுத்து 1947-ல் "பிளாக் நார்சிசஸ்". இமயமலையில் ஒரு பாழடைந்த அரண்மனையில் மடம் நடத்த வரும் கன்னியாஸ்திரீகளின் கதை. அந்த இமயமலை முழுக்கக் கண்ணாடியில் வரைந்த ஓவியமும் செட்டும்தான். இந்தியாவுக்கு ஒருவரும் வரவில்லை, இங்கிலாந்திலேயே எடுத்தார்கள். அதில் காஞ்சி என்ற மலைநாட்டுப் பெண்ணாக ஜீனுக்குப் பழுப்புச் சாயம் பூசி, மூக்கில் வளையம் மாட்டி நடிக்க வைத்தார்கள். படம் முழுவதும் அவருக்கு ஒரு வரி வசனம் கிடையாது. கண்ணும் கையும்தான். ஜோடியாக இளவரசர் வேடத்தில் சாபு. மைசூர் யானைக் கொட்டிலிலிருந்து ஹாலிவுட் வரை போன நம் சாபுதான். இன்றைக்குப் பார்த்தால் வெள்ளைக்காரப் பெண்ணுக்குச் சாயம் பூசி இந்தியப் பெண்ணாக்கியது உறுத்துகிறது. இந்தியா விடுதலை பெற்ற அதே வருடம் வந்த படம் என்று நினைக்கும்போது இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால் குறை ஜீனுடையது அல்ல. பதினேழு வயதுப் பெண், கொடுத்த வேடத்தைப் போட்டார்.

பிறகு 1948-ல் "ஹாம்லெட்". லாரன்ஸ் ஒலிவியர் இயக்கி நடித்தது. ஷேக்ஸ்பியர் நாடகம் எதிலும் மேடையேறியிராத இந்தப் பெண்ணைப் பிடித்து ஒஃபீலியாவாக்கினார். சித்தம் கலங்கிப் பூக்களைக் கையில் வைத்துக்கொண்டு வரும் காட்சியில் இந்தப் பெண் என்ன செய்துவிடப் போகிறாள் என்று நினைத்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை பரிசு. துணை நடிகைக்கான ஆஸ்கர் பட்டியலில் பெயர். அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை "ஹாம்லெட்" வாங்கியது. அமெரிக்கப் படம் அல்லாத ஒன்று அந்தப் பரிசை வாங்கியது அதுதான் முதல் முறை. ஜீனுக்கு அப்போது பத்தொன்பது, இருபது வயது.

இந்த இடத்தில்தான் ஒப்பந்தத்தின் மறுபக்கம் தெரிய ஆரம்பிக்கிறது. பெண்ணிடம் சரக்கு இருக்கிறது, முறையாகப் பயிற்சி கொடுத்தால் எங்கேயோ போய்விடுவாள் என்று கண்டுகொண்ட ஒலிவியர், பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகக் குழுவில் சேர்ந்து கொஞ்ச காலம் எல்லா விதமான வேடங்களும் போட்டுப் பழகச் சொன்னார். அது இங்கிலாந்து நடிகர்களுக்குக் குருகுலம் மாதிரி. ராங்க் கம்பெனி சம்மதிக்கவில்லை. பெயர் வாங்கிய பெண், படத்துக்குக் காசு வரும் நேரம், நாடகத்துக்கு அனுப்புவார்களா? "தி புளூ லகூன்" என்ற படம் 1949-ல் வந்தது. ஆளில்லாத தீவில் ஒதுங்கிய ஒரு பையனும் பெண்ணும். நிறைய கடல், நிறைய தென்னை மரம், நடிக்க அதிகம் ஒன்றும் இல்லை. வசூல் நன்றாக இருந்தது.

அதே சமயம் ராங்க் கம்பெனிக்கே கஷ்ட காலம். 1947-ல் பிரிட்டிஷ் அரசு அமெரிக்கப் படங்களுக்கு 75 சதவீத வரி போட்டது. ஹாலிவுட் கோபித்துக்கொண்டு படம் அனுப்புவதை நிறுத்தியது. அந்தக் காலியிடத்தை நிரப்புகிறேன் என்று ராங்க் கடன் வாங்கிப் படமாக எடுத்துத் தள்ளினார். 1948-ல் அரசு ஹாலிவுட்டோடு சமாதானமாகிவிட்டது. தேங்கி நின்ற அமெரிக்கப் படங்கள் எல்லாம் வெள்ளமாக வந்து இறங்கின. ராங்கின் படங்கள் அடிபட்டன. வங்கிக் கடன் கழுத்தை நெரித்தது. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு கம்பெனி தன்னிடம் உள்ளவற்றில் விலை போகக்கூடியது எது என்றுதான் பார்க்கும்.

ஜீன் அப்போது ஸ்டூவர்ட் கிரேஞ்சர் என்ற நடிகரைக் காதலித்துக்கொண்டிருந்தார். அவர் பதினாறு வயது மூத்தவர், விவாகரத்தானவர். "கிங் சாலமன்ஸ் மைன்ஸ்" படத்தின் மூலம் ஹாலிவுட்டில் புகழ் பெற்றவர். 1950 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தில் டூசான் என்ற ஊரில் இருவருக்கும் கல்யாணம். அந்தக் கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்து கொடுத்த பெரிய மனிதர் ஒருவர் இருந்தார். பெயர் ஹோவர்ட் ஹியூஸ்.

ஹியூஸைப் பற்றி ஒரு வரி. எண்ணெய்க் கிணறு தோண்டும் கருவியில் அப்பா சேர்த்து வைத்த சொத்து. அதில் விமானம் செய்தார், விமானம் ஓட்டிச் சாதனை படைத்தார். 1948-ல் ஆர்.கே.ஓ. என்ற ஹாலிவுட் ஸ்டூடியோவையே வாங்கினார். நினைத்ததை விலை கொடுத்து வாங்கிப் பழகிய மனிதர்.

ஜீனையும் வாங்கினார். அதாவது, ராங்க் கம்பெனியிடமிருந்து ஜீனின் ஒப்பந்தத்தை வாங்கினார். சம்பந்தப்பட்ட பெண்ணை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபத்திரண்டு வயதை எட்டும் நேரம். வெனிஸில் பரிசு வாங்கியவர். அவருடைய அடுத்த சில வருடங்கள் கடல் தாண்டி கை மாறிவிட்டன. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அந்தப் பேச்சில் மாட்டுக்கு என்ன பங்கு?

ராங்க் விற்ற ஒப்பந்தத்தில் மீதி இருந்தது சில மாதங்கள்தான். ஆனால் ஹியூஸ், அதற்குமேல் பல வருடங்கள் தன்னிடம் வேலை செய்ய ஜீன் வாய்மொழியாகச் சம்மதித்திருக்கிறார் என்றார். அப்படி ஒன்றும் இல்லை என்றார் ஜீன். கையெழுத்துப் போட மறுத்தார். ஹியூஸின் ஆசை வெறும் தொழில் ஆசை இல்லை என்பது ஹாலிவுட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. புதிதாகக் கல்யாணமான பெண், அந்நிய நாடு, எதிரில் கோடீசுவரர்.

இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை எதிர்த்துப் போனவர்கள் முன்பும் உண்டு. பெட்டி டேவிஸ் 1936-ல் தன் கம்பெனியோடு லண்டன் நீதிமன்றத்தில் மோதித் தோற்றார். ஒலிவியா டி ஹாவிலண்ட் 1944-ல் கலிபோர்னியாவில் வென்றார். ஒருவரை ஏழு வருடங்களுக்கு மேல் ஒப்பந்தத்தில் கட்டி வைக்க முடியாது என்ற அந்தத் தீர்ப்பு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆனால் இருவரும் அமெரிக்காவில் வேரூன்றியவர்கள். ஜீன் வந்து இறங்கியே சில மாதங்கள்தான். இருந்தும் கணவனும் மனைவியுமாக ஹியூஸ் மீது வழக்குப் போட்டார்கள். பத்திரிகைகளில் நாறியது. வேலை நின்றது. ஹியூஸ் தன்னிடமும் நல்ல படம் கொடுக்கமாட்டார், வெளியிலும் அனுப்பமாட்டார்.

இந்த நேரத்தில்தான் இயக்குநர் வில்லியம் வைலர் "ரோமன் ஹாலிடே" படத்துக்கு இளவரசியைத் தேடுகிறார். எலிசபெத் டெய்லர், ஜீன் சிம்மன்ஸ் இருவர் பெயரும் அடிபட்டன. டெய்லரும் கிடைக்கவில்லை. ஜீனைக் கேட்டபோது ஹியூஸ் அனுப்ப மறுத்துவிட்டார். கட்டுக்காவலில் வளர்ந்த ஒரு பெண் ஒரே ஒரு நாள் தப்பித்து ஊர் சுற்றும் கதை. அதில் நடிக்க வேண்டியவரைக் கட்டுக்காவல் விடவில்லை.

1952 கோடையில் ரோமில் படப்பிடிப்பு நடந்தது. அதே கோடையில்தான் ஜீனின் வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசத்தில் முடிந்தது. மற்ற கம்பெனிகளில் நடிக்க வழி பிறந்தது. ஆனால் ரோமில் வேறு பெண் ஏற்கெனவே ஸ்கூட்டர் ஏறிவிட்டாள். அவள் அதற்கு ஆஸ்கரும் வாங்கினாள்.

ஹியூஸுக்காக நடித்த படங்களில் ஒன்று "ஏஞ்சல் ஃபேஸ்". அவருக்கு ஜீனின் நீண்ட கூந்தல் பிடிக்கும். அந்த ஆத்திரத்தில் ஜீன் கத்தரிக்கோலை எடுத்துத் தன் தலைமுடியைத் தானே குட்டையாக வெட்டிக்கொண்டார் என்பார்கள். அதனால் படம் முழுவதும் பொய்முடி வைத்து நடிக்க வேண்டியதாயிற்று. நாள் கணக்குப் பார்த்து, மூன்று வாரத்துக்குள் அவசரமாக எடுத்த படம். இயக்குநர் ஒட்டோ பிரெமிஞ்சர் கடுமையானவர். கதாநாயகன் அவளை அறைகிற காட்சியை, இன்னும் பலமாக, இன்னும் பலமாக என்று திரும்பத் திரும்ப எடுத்தாராம். ஜீனின் கன்னம் சிவந்ததைப் பார்த்த கதாநாயகன் ராபர்ட் மிட்சம் பொறுக்க முடியாமல் இயக்குநர் பக்கம் திரும்பிவிட்டார் என்ற கதை ஹாலிவுட்டில் பிரசித்தம். அத்தனை மனக்கசப்பில் எடுத்த அந்தப் படம், ஜீன் செய்தவற்றில் மிகச் சிறந்த ஒன்று என்று இன்று சொல்கிறார்கள். தேவதை முகத்தோடு கொலை செய்யும் பெண். அந்தக் கண்களில் தெரிகிற கோபம் முழுக்க நடிப்புத்தானா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். 1966-ல் டிப்ளமோ முடித்ததும் ஒரு மில்லில் வேலை கிடைத்தது. ஐந்து வருட பாண்ட். எங்கள் அப்பா என்னோடு வந்திருந்தார்; முத்திரைத்தாளைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை, பையனுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். சர்டிபிகேட் எல்லாவற்றையும் வாங்கி அவர்கள் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். மூன்றாம் வருடம் ரயில்வேயிலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. அசல் சர்டிபிகேட்டோடு வரவேண்டும். மேனேஜரிடம் போய் நின்றேன். "பாண்ட் பணத்தைக் கட்டிட்டு வாங்கிட்டுப் போப்பா" என்றார். அந்தப் பணம் அப்பாவின் ஒன்றரை வருடச் சம்பளம். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஷிஃப்ட்டுக்குப் போனேன்.

நான் கெட்டுப் போய்விடவில்லை. பிறகு வேறு வேலை, கல்யாணம், வீடு, பிள்ளைகள், இப்போது பென்ஷன் எல்லாம் நல்லபடியாக நடந்தது. ஆனால் ரயிலில் போகும்போது ஏதாவது ஸ்டேஷனில் அதிகாரி உடையில் ஒருவரைப் பார்த்தால் ஒரு நிமிஷம் அந்தக் கடிதம் ஞாபகம் வரும். என் மனைவி கண்டுபிடித்துவிடுவாள். "இன்னுமா?" என்பாள். அதனால்தான் ஜீன் என்ன செய்தார், அதை எப்படித் தாங்கினார் என்று தேடித் தேடிப் படித்தேன்.

ஜீன் உட்கார்ந்து அழவில்லை. தடை நீங்கிய அடுத்த வருடம், 1953-ல், அடுக்கடுக்காகப் படங்கள். "யங் பெஸ்" படத்தில் இளவயது முதலாம் எலிசபெத். "தி ஆக்ட்ரஸ்" படத்தில் நாடகப் பைத்தியம் பிடித்த பெண். அப்பாவாக ஸ்பென்சர் டிரேசி. பிறகு நாங்கள் திருச்சியில் மூக்கை உறிஞ்சிய "தி ரோப்". சினிமாஸ்கோப் முறையில் உலகில் முதலில் வெளிவந்த படம் அதுதான். இந்த மூன்றுக்கும் சேர்த்து அமெரிக்காவின் நேஷனல் போர்ட் ஆஃப் ரிவ்யூ அவரை அந்த ஆண்டின் சிறந்த நடிகை என்று தேர்ந்தெடுத்தது. 1955-ல் "கைஸ் அண்ட் டால்ஸ்". மார்லன் பிராண்டோவோடு நடித்து, தன் பாட்டைத் தானே பாடினார். 1958-ல் "தி பிக் கன்ட்ரி". அதை இயக்கியவர் யார் தெரியுமா? அதே வில்லியம் வைலர். ரோமில் கிடைக்காத இயக்குநர் ஆறு வருடம் கழித்து அமெரிக்கப் பாலைவனத்தில் கிடைத்தார்.

1960 அவருக்கு உச்சம். "ஸ்பார்டகஸ்" படத்தில் அடிமைப் பெண் வரீனியா. கடைசிக் காட்சியில் சிலுவையில் தொங்கும் கணவனிடம் குழந்தையைத் தூக்கிக் காட்டி, உன் மகன் சுதந்திரமானவன் என்று சொல்லும் இடம் மறக்குமா? தன்னையே ஒரு காலத்தில் விற்று வாங்கிய பெண், அந்த வசனத்தைச் சொல்கிறார். அதே வருடம் "எல்மர் கேன்ட்ரி". ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் பிரசங்கம் செய்யும் சகோதரி ஷாரன். அந்தப் படத்துக்கு பர்ட் லங்காஸ்டருக்கு ஆஸ்கர், துணை நடிகைக்கு ஆஸ்கர், எழுதி இயக்கிய ரிச்சர்ட் புரூக்ஸுக்குத் திரைக்கதை ஆஸ்கர். ஜீன் பெயர் பட்டியலிலேயே இல்லை. அவருடைய அதிர்ஷ்டம் அப்படி.

சொந்த வாழ்க்கையும் நேர்கோடாகப் போகவில்லை. கிரேஞ்சரோடு வாழ்க்கை 1960-ல் முறிந்தது. அதே ஆண்டு ரிச்சர்ட் புரூக்ஸை மணந்தார். இரண்டு கல்யாணத்திலும் ஒவ்வொரு பெண் குழந்தை. மூத்தவளுக்கு ஸ்பென்சர் டிரேசி நினைவாக டிரேசி, இளையவளுக்கு காதரின் ஹெப்பர்ன் நினைவாக கேட். குடிப்பழக்கம் பிடித்துக்கொண்டது. குடிக்கு அடிமையான ஒரு குடும்பப் பெண்ணைப் பற்றி புரூக்ஸே "தி ஹேப்பி எண்டிங்" என்ற படம் எழுதி, மனைவியையே நடிக்க வைத்தார். 1969-ல் வந்த அந்தப் படத்துக்குத்தான் கதாநாயகிக்கான ஆஸ்கர் பட்டியலில் ஜீன் பெயர் முதல் முறையாக வந்தது. கிடைக்கவில்லை. அந்தக் கல்யாணமும் நிலைக்கவில்லை. 1986-ல் சிகிச்சைக்குச் சேர்ந்தார். மறைக்காமல் வெளியில் சொன்னார். அந்தக் காலத்தில் அதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

"ரோமன் ஹாலிடே" பற்றி அவர் வயிற்றெரிச்சலோடு பேசியதாக நான் எங்கும் படித்ததில்லை. படத்தைப் பார்த்துவிட்டு ஆட்ரியிடமே, உன்னை வெறுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், ஆனால் நான் நடித்திருந்தால் இதில் பாதிகூட வந்திருக்காது என்கிற பொருளில் சொன்னார் என்பார்கள். எனக்கு அந்த மனசு வர வெகு நாள் ஆயிற்று. ரயில்வேயில் அந்த இடத்துக்குப் போனவர் யாரோ, அவர் என்னைவிட நன்றாகவே செய்திருக்கலாம்.

கடைசியாக ஒன்று. 1989-ல் "கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்" கதையைத் தொலைக்காட்சிக்காக மறுபடி எடுத்தார்கள். ஜீனை அழைத்தார்கள். இந்த முறை அவர் சிறுமி எஸ்டெல்லா அல்ல. கடிகாரங்களை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கும் கிழவி மிஸ் ஹாவிஷாம். நாற்பத்து மூன்று வருடங்களுக்கு முன்பு எந்தக் கிழவியின் பக்கத்தில் நின்றாரோ, அந்த நாற்காலியில் இப்போது அவர். அவருடைய கடிகாரம் மட்டும் எதற்காகவும் நின்றதில்லை. 2003-ல் பிரிட்டிஷ் அரசு பட்டம் கொடுத்தது. 2010 ஜனவரி 22 அன்று, எண்பத்தோராவது பிறந்த நாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, கலிபோர்னியாவில் சான்டா மோனிகாவில் காலமானார். லண்டன் ஹைகேட் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். சுற்றிச் சுற்றிச் சொந்த ஊருக்கே வந்து சேர்ந்தார்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது பேத்தி படத்தை நிறுத்தி வைத்திருந்தாள். திரையில் ஆட்ரி சிரித்தபடி அசையாமல் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து போய் ஒரு கவரை எடுத்து வந்தாள். அவளுக்கு வந்த ஆபர் லெட்டர். பதினாலு பக்கம்.

"அப்பா கையெழுத்துப் போட்டு அனுப்பிடலாம்னாரு. நீங்க ஒரு தடவை படிக்கிறீங்களா தாத்தா?"

"நான் மட்டும் இல்லை. நீயும் உட்காரு" என்றேன்.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பேருமாக வரி வரியாகப் படித்தோம். ஒன்பதாம் பக்கத்தில், சின்ன எழுத்தில், இரண்டு வருட பாண்ட் இருந்தது. சேரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெரிந்து போடுகிற கையெழுத்து வேறு, தெரியாமல் போடுகிறது வேறு என்று மட்டும் சொன்னேன். அசல் சர்டிபிகேட்டை யாரிடமும் கொடுக்காதே என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மறுநாள் அவளே போன் செய்து நாலு கேள்வி கேட்டாள். பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் பேனாவை எடுத்தாள்.

நண்பர்களே, "தி ரோப்" படத்தை உங்களில் யார் யார் எந்த ஊரில் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். பாண்ட் கதை இருந்தால் அதையும் எழுதலாம். நம் வயதில் அது இல்லாதவர்கள் குறைவு.